மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும்



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது கண்ணுக்கு இனிய பொழுதுபோக்கு. ஆயினும் அத்தொட்டி, உயிர்கள் வாழும் ஓர் அடைபட்ட குளம் என்பதை நாம் மறத்தலாகாது. நீர் பெருகப் பெருக, அதில் சேரும் கழிவின் கடுமை குறையும். இவ்வுண்மையை உணர்ந்தே, லண்டனை அடுத்த சிடன்ஹாமில் 1871ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கிரிஸ்டல் பாலஸ் மீன் காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் என்பார், காட்சித் தொட்டிகளினும் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை நிலத்தடியில் கட்டி, நீரைப் பம்புகளால் மேலேற்றிச் சுழலச் செய்தார். குளிர் மிகுந்த மேலை நாடுகளில் பல வீடுகளுக்கு நிலவறை உண்டு. அங்குள்ள மீன் ஆர்வலர் சிலர் அம்முறையையே சிறிய அளவில் கையாளுகின்றனர். கூடத்தில் மீன்தொட்டி, நிலவறையில் வடிகட்டியும் பம்பும் அடங்கிய கீழ்த்தொட்டி.

இவ்விரண்டையும் இணைக்கும் குழாய்களை எவ்வாறு திட்டமிடுவது? பௌதிகம் கற்பித்த நாளில் நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு: "கருவி ஓடினால் என்ன ஆகும் என்று மட்டும் கேளாதீர், நின்றால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்." இங்கும் அக்கேள்வியே நமக்கு வழிகாட்டி.

முதலில், இறங்கு குழாய். மீன்தொட்டியின் நீர் அடியிலிருந்து வடியலாகாது. மேல்விளிம்பருகே உள்ள தடுப்பின்மீது வழிந்தே குழாயில் விழவேண்டும். ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிவது போன்றது இது. பம்பு எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவே வழியும். ஆனால் இலையோ நத்தையோ குழாயை அடைத்துக்கொண்டால், ஏறும் நீர் கூடத்துத் தரையில் பாயும். ஆதலின், சற்று உயரத்தில் வாயமைந்த இரண்டாவது குழாய் ஒன்று வேண்டும். பம்பு தரும் நீர் முழுவதையும் அது தனித்தே ஏற்கவல்லதாய் இருத்தல் வேண்டும். அதில் வால்வு பொருத்தலாகாது.

அடுத்து, ஏறு குழாய். பம்பின் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் அளவு, பெரும்பாலும் ஏற்றமே இல்லாதபோது கிடைப்பது. 10 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கு நிகர். நிலவறையிலிருந்து கூடத்துக்கு 3 அல்லது 4 மீட்டர் ஏற்றம் இருக்கும். குறுகிய குழாயும் வளைவுகளும் உராய்வால் மேலும் தடை செய்யும். ஆகவே, அவ்வுயரத்தில் பம்பு எவ்வளவு நீர் தரும் என்று அறிந்தே அதனை வாங்கவேண்டும். பாய்ச்சலைக் குறைக்கும் வால்வைப் பம்பின் வெளிவாய்ப் பக்கமே அமைத்தல் வேண்டும். இறாலும் பவளமும் வளர்ப்போர் செம்பு, பித்தளைக் குழாய்களை விலக்கி, பி.வி.சி. குழாய்களைக் கொள்க; நீரில் கரையும் செம்பு அவ்வுயிர்கட்கு நஞ்சு.

இனி, மின்சாரம் நின்றால்? ஏறு குழாய் அக்கணமே சைபனாக மாறி, மேல்தொட்டி நீரைக் கீழே இழுக்கும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியுள்ளதோ அவ்வளவு ஆழத்து நீரும் இறங்கிவிடும். எனவே, வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வைத்தல் நன்று. மட்டத்திற்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டால், காற்றுப் புகுந்து சைபன் அறும். ஒருவழி வால்வு போதாதோ எனின், ஒரு மணல் துகள் சிக்கினும் அது சரிவர மூடாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 5 செ.மீ. தாழ்ந்தால், இறங்கும் நீர் 27 லிட்டர். 2.5 செ.மீ. உள்விட்டமும் 5 மீட்டர் நீளமும் உடைய ஏறு குழாயில் நிற்பது ஏறத்தாழ இரண்டரை லிட்டர். ஆக, கீழ்த்தொட்டியில் 30 லிட்டருக்குக் குறையாத காலியிடம் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். 40 லிட்டர் இருப்பின் கவலையில்லை.

மீன்களை விடுமுன், வெறும் நீரை ஓட்டி மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். பின்னர் அதனை மீண்டும் செலுத்தி, இறங்கு குழாயை வேண்டுமென்றே அடைத்தும் பாருங்கள். இரு சோதனையிலும் தரை நனையாதாயின், உங்கள் திட்டம் தேறிவிட்டது. அதன் பிறகே உயிர்களை அந்நீரிடம் ஒப்படைத்தல் முறை.