பேர்தான் பன்றிக் காய்ச்சல்



மழை பிடித்து, லயத்தில் நாலு வீட்டில் இருமல் கேட்டால் போதும். "டிரெசரய்யா, இது பன்றிக் காய்ச்சலா? போன வாரம் காட்டுப்பன்றிக் கறி சாப்பிட்டோமே, அதனாலயா?" என்று கேட்டு வருகிறவர்கள் கூலிம் வட்டாரத்தில் இன்றும் உண்டு. கேட்பதில் தவறில்லை. நம் நாட்டில் பன்றியிடமிருந்து நோய் தொற்றி மனிதர் மாண்டதும் நடந்திருக்கிறது. பன்றியின் பேரில் வந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதும் நடந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

முதலாவது நிப்பா. 1998 கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான காய்ச்சல், தலைவலி கண்டு, நினைவு தப்பியது. சிலர் இறந்தார்கள். பன்றிகளை லாரியில் ஏற்றி விற்ற வழியே நோயும் நெகிரி செம்பிலானுக்குப் போய், புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பக்கம் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி முதலில் ஊரெல்லாம் புகையடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். கொசு என்ன, ஆள் பார்த்தா கடிக்கும்? பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் அவ்வளவாக இல்லை. பன்றியோடு புழங்கிய பெரிய ஆட்களுக்குத்தான் வந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டறிந்தார். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றித் தொழுவத்தில் விழ, அதைத் தின்ற பன்றிக்கு நோய் கண்டது. அந்தப் பன்றிகள் நாய் குரைப்பதுபோல் இருமின. அவற்றின் சளி, எச்சில், மூத்திரம் பட்ட தொழிலாளிக்கு நோய் தொற்றியது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பண்ணைகளில் கூலிக்கு நின்ற நம் இந்தியரும் இருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்த பிறகே நோய் அடங்கியது.

அந்தப் பயம் மனதில் இருக்கும்போதே 2009-இல் அடுத்தது வந்தது. ஏப்ரல் மாதம் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரிந்த எச்1என்1 சளிக்காய்ச்சலுக்குப் பத்திரிகைகள் பன்றிக் காய்ச்சல் என்று பேர் வைத்துவிட்டன. மே 15-ஆம் தேதி மலேசியாவில் முதல் ஆளுக்கு உறுதியானது. அவர் பண்ணைத் தொழிலாளி அல்ல, அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாணவர். ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதை உலகம் முழுதும் பரவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. பன்றியே வளர்க்காத ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தார்கள்.

பின்னே ஏன் அந்தப் பேர்? பன்றியின் மூச்சுக்குழாயில் பறவையின் சளிக்காய்ச்சல் கிருமியும் குடியேறும், மனிதருடையதும் குடியேறும். இரண்டு மூன்று வகை மாவை ஒரே பாத்திரத்தில் போட்டுப் பிசைந்தால் புதுப் பலகாரம் ஆகிறமாதிரி, அங்கே புதுக் கிருமி உண்டாகிவிடும். 2009 கிருமி அப்படிக் கலந்து வந்ததுதான். ஆனால் மனிதருக்குள் வந்தபின் அது இருமல், தும்மல், கை வழியாக மனிதருக்கு மனிதர் பரவியது. வெந்த பன்றிக் கறியால் பரவவில்லை. இதை உணராமல் எகிப்து நாட்டில் அந்த வருஷம் இருந்த பன்றிகளையெல்லாம் கொன்றார்கள். என்னைக் கேட்டால் அது வீண் வேலை. பன்றி வளர்த்த ஏழைகளின் பிழைப்பு போனது, காய்ச்சல் நிற்கவில்லை.

பன்றிக்கும் சளிக்காய்ச்சல் உண்டு. திடீரென்று காய்ச்சல் கண்டு, தீனி எடுக்காமல், ஒன்றன்மேல் ஒன்று படுத்து இருமும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறிவிடும். நம்மிடமிருந்து பன்றிக்கும் இது தொற்றும். ஆகவே லயத்துக்குப் பின்னால் இரண்டு பன்றி வளர்க்கிறவர் தமக்குக் காய்ச்சல் இருக்கையில் தொழுவத்துப் பக்கம் போகவேண்டாம். செம்பனைக் காட்டில் பன்றி அடிக்கிற தம்பிகள் செத்துக் கிடக்கிற பன்றியைத் தொடக்கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கறி அறுக்க வேறு ஆளை விடுங்கள். 2021-இல் சபாவில் தென்பட்டு, பிறகு தீபகற்பத்துக்கும் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு நோய். அது பன்றியைக் கொல்லும், மனிதருக்கு வராது.

அந்த 2009 கிருமி எங்கும் போய்விடவில்லை. சாதாரணச் சளிக்காய்ச்சலில் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. நல்ல உடம்புக்காரர் வெந்நீரும் கஞ்சியும் குடித்து, பாராசிட்டமால் போட்டு ஓய்வெடுத்தால் எழுந்துவிடுவார். "ஊசி போடுங்கய்யா, சட்டுனு கேட்கும்" என்று என்னிடம் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்து இந்தக் கிருமியைத் தொடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கர்ப்பிணிப் பெண்கள், ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்கள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் விஷயத்தில் மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள். இதற்குரிய ஒசல்டாமிவிர் மருந்தை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்தல், பிள்ளை பால் குடிக்காமல் துவளுதல், குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுதல் ஆகிய எதைக் கண்டாலும் நேரே கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமலும் சளியும் இல்லாத கடுங்காய்ச்சல் என்றால் டிங்கியாகவோ எலிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அதற்கு ரத்தம் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்து நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அவர் இருமினால் லாரியில் கூட வருகிற பத்துப் பேருக்கும், ஆயாக்கொட்டாயில் விட்ட பிள்ளை மூலம் மற்ற வீடுகளுக்கும் போகும். ஒரு நாள் பேர் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டர் கொடுத்த எம்.சி. சீட்டு கையில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். எழுந்து நடக்க முடியாவிட்டால் வீட்டிலிருந்து ஒரு ஆளை அனுப்பி கிராணியிடம் சொல்லிவிடுங்கள்.