பழகிப்போச்சு என்று விட்டுவிடலாமா?



"ஓட்டு வீட்டுல இருந்தப்போ இவ்வளவு வேக்காடு இல்லையே" என்று குழுக் கூட்டங்களில் பலரும் சொல்கிறீர்கள். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து, இரவில் வீட்டுக்குள் விடுகிறது. அதனால்தான் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுக்கிறோம்.

நம் உடம்பும் சூட்டுக்குப் பழகும். வெயில் காலம் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் வேர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வந்து உடம்பைக் குளிர்விக்கும். ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. வயதானவர்களுக்கு வேர்வை குறைவு. தாகமும் சரியாகத் தெரியாது. "எனக்குப் பழகிப்போச்சும்மா" என்று மாமியார் சொன்னாலும் அடிக்கடி தண்ணீர், மோர் கொடுங்கள். நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. வீட்டுக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் வீசும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

செலவு குறைந்த வழிகள்:

* வெயில் படும் ஜன்னலைப் பகலில் மூடி, இரவில் திறந்து வையுங்கள்.
* தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு இறங்குவது குறையும்.

பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டிகள் யார் யார்? அடுத்த கூட்டத்தில் பெயர் எழுதி, யார் போய்ப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.