ஒரிஜினல் பேஞ்சோ எது பாஸ்?

'பேஞ்சோ'ன்னு சொன்னதும் நம்மாளுங்க சிலருக்கு ஞாபகம் வர்றது, டைப்ரைட்டர் மாதிரி பட்டன் வெச்ச புல்புல்தாரா! மும்பை பக்கம் அதைத்தான் பேஞ்சோன்னு கூப்பிடுறாங்க. 2016-ல் ரித்தேஷ் தேஷ்முக் நடிச்ச 'பேஞ்சோ' இந்திப் படத்தில் வர்றதும் அந்த வகைதான்.

அமெரிக்க பேஞ்சோ வேற. சின்ன டிரம்முக்கு கிடாரோட கழுத்தை மாட்டினா எப்படி இருக்கும்? அதான்! ஆனா, அதிலேயும் 'ஒரிஜினல் எது?'ன்னு கேட்டுப் பாருங்க... சண்டை நிச்சயம்!

சுரைக்குடுக்கையில் ஆரம்பம்

அடிமைகளா கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், கரீபியன் தீவுகள்லயும் அமெரிக்கத் தோட்டங்கள்லயும் சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டி உருவாக்கின வாத்தியம் இது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா மக்கள் வாசிக்கிற 'அகோன்டிங்' இதுக்கு நெருங்கின சொந்தம். அதிலும் ஒரு குட்டைத் தந்தி உண்டு. நகத்தால மேலிருந்து கீழே தட்டி, கட்டைவிரலால அந்தக் குட்டைத் தந்தியைச் சுண்டணும். தம்புரா சுருதி மாதிரி அது ஒரே ஸ்வரத்துல ஒலிச்சுக்கிட்டே இருக்கும். இன்னிக்கும் அமெரிக்காவில் 'கிளாஹாமர்'ங்கிற பழைய ஸ்டைலுக்கு இதான் அடிப்படை.

1840-கள்ல வெள்ளைக்காரங்க முகத்தில் கரியைப் பூசிக்கிட்டு, கறுப்பர்களைக் கிண்டலடிச்சு மேடை ஏறினாங்க. கையில... அதே பேஞ்சோ! இந்த அவமானமும் சேர்ந்து, கறுப்பர்கள் பலர் மெல்ல அதைவிட்டு விலகினாங்க. கடைசியில 'இது வெள்ளைக்கார மலைவாசிகளோட வாத்தியம்'னே பேராகிடுச்சு. எவ்வளவு பெரிய திருட்டு!

மாறிக்கிட்டே இருந்த பாடி

சுரைக்குடுக்கை போய் மர வளையம் வந்துச்சு. வழுவழுப்பான கழுத்தில் ஃபிரெட் ஏறுச்சு. குடல் நரம்பு போய் ஸ்டீல் தந்தி. பிறகு உள்ளே உலோக வளையம், பின்னாடி சத்தத்தை முன்னாடி தள்ளுற 'ரெசோனேட்டர்' மூடி. ஒவ்வொண்ணா ஏற ஏற, மெத்துனு இருந்த குரல் கணீர்னு ஆச்சு.

21 வயசுப் புரட்சி

1945 டிசம்பர். நூல் மில்லில் வேலை பார்த்த ஏர்ல் ஸ்கிரக்ஸ், பில் மன்றோவோட குழுவில் சேர்ந்தார். வயசு 21. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்... மூணுலயும் பிக் மாட்டிக்கிட்டு மெஷின்கன் வேகத்தில் பொழிஞ்சார். மூணு விரல் வாசிப்பு அவர் ஊர்ப்பக்கம் முன்னாடியே இருந்ததுதான். ஆனா பட்டை தீட்டினது ஸ்கிரக்ஸ். அதுவரை மேடையில் பேஞ்சோக்காரர்னா பாதி காமெடியன், அதுக்கப்புறம் ஹீரோ! 'புளூகிராஸ்' இசைக்கே அது அடையாளமாச்சு.

இப்ப வருது ட்விஸ்ட். அந்தப் புரட்சியே சட்டமாகிடுச்சு! 'ஸ்கிரக்ஸ் மாதிரி வாசிச்சாதான் பேஞ்சோ'ன்னு ஒரு கூட்டம். பேஞ்சோவும் 1930-கள்ல கிப்ஸன் கம்பெனி செஞ்ச மாதிரியே இருக்கணுமாம். இன்னிக்கும் புது பேஞ்சோ செய்றவங்க பலர் அந்தப் பழைய டோனைத்தான் துரத்துறாங்க.

ஸ்கிரக்ஸ் என்ன செஞ்சார் தெரியுமா? 1969-ல் பழைய பார்ட்னர் லெஸ்டர் ஃப்ளாட்டைப் பிரிஞ்சு, தன் பசங்களோட சேர்ந்து ராக் கலந்து வாசிக்க ஆரம்பிச்சார். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளிச்சாங்க. ஸ்கிரக்ஸ் ஸ்டைலைக் காப்பாத்த ஸ்கிரக்ஸையே எதிர்த்தாங்க!

தபலாவோட ஜோடி

அந்த வேலியைத் தாண்டினவர் பேலா ஃப்ளெக். ஜாஸ்ல ஆரம்பிச்சு, 1996-ல் விஸ்வமோகன் பட்டோட 'டாபுலா ராசா' ஆல்பம்; 2023-ல் ஜாகிர் ஹுசைன், ராகேஷ் சௌராசியா, எட்கர் மேயரோட 'ஆஸ் வி ஸ்பீக்'. 2024-ல் அதுக்கு கிராமியும் கிடைச்சது.

ரியானன் கிடன்ஸ் ரூட்டே வேற. முன்னாடி போகாம பின்னாடி போனாங்க! 1858-ம் வருஷ மாடல்ல செஞ்ச, ஃபிரெட் இல்லாத பேஞ்சோவை வாசிச்சு, 'இது எங்க பாட்டன் சொத்து'ன்னு நிரூபிச்சுக்கிட்டிருக்கிற கறுப்பினக் கலைஞர். 2024-ல் பியான்ஸேயோட 'டெக்சாஸ் ஹோல்ட் எம்' பாட்டில் கேட்ட பேஞ்சோ இவங்க கைவண்ணம்தான்.

அதனால ஃபிரெண்ட்ஸ், 'எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்ல'ன்னு யாராவது ஆரம்பிச்சா, பணிவா ஒரே ஒரு கேள்வி கேளுங்க...

'உங்க காலத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு சார்?'