கவுன்சிலரின் நேர்மையும் கவுன்சிலரின் உயிரும்

திருமங்கலம் போன்ற ஒரு தாலுகாத் தலைநகரத்தில் நகர்மன்ற உறுப்பினர் என்பவர் யார் என்று கேட்டால், அரசியல் சாஸ்திரம் கற்றவர் சொல்லும் விடை ஒன்று. விடியற்காலையில் குழாயில் காற்று மட்டுமே வருவதைக் கண்டு, வெறுங்குடத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் ஸ்திரீ சொல்லும் விடை வேறு. படித்தவருக்கு அவர், 1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தில் தொடங்கி, 1993-ல் அமலுக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் வரை நீளும் ஒரு சரித்திரத்தின் பிரதிநிதி. குடத்தோடு நிற்பவருக்கு அவர், கலெக்டரையும் மந்திரியையும் போல எட்டாத தூரத்தில் இராமல், முறை சொல்லிக் கூப்பிடவும், வேண்டுமானால் வையவும், தெருவிலேயே அகப்படுகிற ஒரே அரசாங்கம். இந்த அண்மைதான் அந்தப் பதவியின் சிறப்பு. அதன் அபாயமும் அதிலேதான் இருக்கிறது.

சின்னப் பதவி என்று நாம் அலட்சியமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் குடிநீர் இணைப்பு, சொத்துவரி நிர்ணயம், கட்டட அனுமதி, சாக்கடை வேலைக்கான டெண்டர், சந்தையிலும் பஸ் நிலையத்திலும் உள்ள கடைகளின் குத்தகை என்று அங்கே தீர்மானமாகும் விஷயம் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய அன்றாட வரும்படி அடங்கியிருக்கிறது. சட்டசபையில் ஒருவர் 'கூடாது' என்று சொன்னால் அது பத்திரிகையில் செய்தியாகும்; நகர்மன்றத்தில் ஒருவர் 'கூடாது' என்று சொன்னால், அடுத்த தெருவில் குடியிருப்பவரும், தினமும் எதிரே வருபவரும், ஒருவேளை கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருபவருமான ஒரு குறிப்பிட்ட மனிதரின் வருமானம் அன்றே நின்றுவிடும். ஆதலால் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வியாசமும் அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றி வேறொரு வியாசமும் தனித்தனியே எழுதுவது, எங்கள் மதுரைச் சீமையைப் பொறுத்தவரையில், பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். இங்கே இரண்டும் ஒரே விஷயம். அதற்குச் சாட்சியம், திருமங்கலத்திலிருந்து அதிக தூரமில்லாத வில்லாபுரத்தில் இருக்கிறது.

1986-க்குப் பிறகு பத்து வருஷ காலம் உள்ளாட்சித் தேர்தலே இல்லாதிருந்த தமிழ்நாட்டில், 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது, மதுரை மாநகராட்சிக்கு வில்லாபுரம் வார்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி. நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மார்க்சிஸ்ட் கட்சியிலும் ஜனநாயக மாதர் சங்கத்திலும் ஊழியம் செய்தவர். அந்தப் பகுதியில் அப்பொழுது தண்ணீர் விலைக்கு விற்கும் சரக்காக இருந்தது. மாநகராட்சிக் குழாய் வந்துவிட்டால் அந்த வியாபாரம் படுத்துவிடும் என்பது விற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவருக்கும் தெரியும். குழாய் வரவேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். பதவியேற்று ஏழு மாதங்கூட நிறையாத நிலையில், 1997 ஏப்ரல் 23-ஆம் தேதி, பட்டப்பகலில், ஜனங்கள் நடமாடும் தெருவில் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

வீர வணக்கம் செலுத்துவதில் நமக்குக் குறைச்சல் இல்லை. வருஷந்தோறும் அவர் படத்துக்கு மாலை விழுகிறது, அது விழவேண்டியதும்தான். ஆயினும், குடிமக்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்பது மாநகராட்சியின் சட்டப்படியான கடமையாக இருக்க, அந்தக் கடமையை நிறைவேற்றச் சொல்வது எப்படி ஒரே ஒரு பெண்மணியின் தனிப்பட்ட வழக்காக மாறிற்று, எந்த நிர்வாகம் செய்திருக்க வேண்டிய காரியம் எந்த மார்க்கத்தில் அவர் ஒருவருடைய தலைமேல் வந்து இறங்கிற்று என்ற கேள்வியை மாலை போடும் நாட்களில் நாம் கேட்பதில்லை. தண்ணீர் விற்றவர்களின் கண்ணுக்கு மாநகராட்சி தெரியவில்லை. லீலாவதிதான் தெரிந்தார்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், தான் அங்கம் வகிக்கும் ஊராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு வைத்திருப்பவரை உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்கிறது. ஒரு கம்பெனியில் பங்கு மட்டும் வைத்திருப்பதும், ஊராட்சியின் விளம்பரம் வெளியாகும் பத்திரிகையில் பாத்தியதை உடையவராக இருப்பதும் இதில் சேராது என்று விலக்கும் தருகிறது. நகர்மன்றங்களுக்கும் இதே விதமான தடைகள் உண்டு. அதற்கு மேல், கவுன்சிலர் என்பவர் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பொருளில் பொது ஊழியர்தான் என்பதை, ராஜஸ்தானத்து பான்ஸ்வாரா நகர்மன்ற உறுப்பினர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. உள்ளாட்சியைப் பற்றிய புகார்களை விசாரிக்கவென்றே 2014-ஆம் ஆண்டின் சட்டம் முறைமன்ற நடுவம் என்ற ஸ்தாபனத்துக்கு வழி செய்தது. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கான்ட்ராக்டு மைத்துனர் பெயரில் இருக்கும். கையெழுத்து மனைவியுடையதாக இருக்கும். நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பார். பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் செய்த பெருமையுடைய இந்த ராஜ்யத்தில், தீர்மானிப்பவர் ஒருவரும் கையெழுத்திடுபவர் மற்றொருவருமாக இருக்கும் இடங்களில், சட்டத்தின் கைக்கு அகப்படுபவர் கையெழுத்திட்ட அந்த அம்மாள் மாத்திரமே.

சட்டம் இருந்தும் முறைகேட்டுப் புகார் நின்றபாடில்லை: மதுரையிலேயே, 2025-ல், சொத்துவரி நிர்ணயத்தில் பெரும் முறைகேடு என்று வழக்கு எழுந்து, மண்டலத் தலைவர்கள் ராஜிநாமா செய்ய, அக்டோபரில் மேயரும் பதவி விலகினார். குற்றம் யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டியது நீதிமன்றம். நாம் முந்திக்கொள்ள வேண்டியதில்லை.

திருமங்கலத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு சங்கதியையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. 2009 ஜனவரியில் இங்கே நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் வாக்காளர்களுக்குப் பணம் தாராளமாக விநியோகிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்து, அதன் விளைவாக, குண்டாற்றங்கரையில் பருத்தி வியாபாரமும் சந்தையுமாகத் தன் போக்கில் இருந்த இந்த ஊரின் பெயர், 'திருமங்கலம் பார்முலா' என்று தேசமெங்கும் ஓர் இழிவான அடைமொழியாகிவிட்டது. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் மறந்துவிட்டாலும் பெயர் நிலைத்துவிட்டது. சட்டமன்றத்துக்கு வந்த வழக்கம் வார்டுக்கு வராமலா இருக்கும்? நகராட்சிக் கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலிருந்து அரசு கொடுக்கும் மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய்; பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. அதற்கு முன் அமர்வுப் படியைத் தவிர வேறொன்றுமில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து ஜயித்த ஒருவர், ஐந்து வருஷத்து மதிப்பூதியத்தைச் சேர்த்து வைத்தாலும் மூன்று லட்சம்தான் என்ற கணக்கை அறியாதவர் அல்லர். மிச்சத்துக்கு அவர் எங்கே போவார் என்பதையும், அந்த முதலைப் போட்டுக் கொடுத்தவர் பிறகு என்ன கேட்பார் என்பதையும் விவரிக்க வேண்டியதில்லை.

நேர்மையானவருக்குத்தான் ஆபத்து, கை நீட்டியவர் நிம்மதியாக இருக்கிறார் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். முறையான கடனில் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். கமிஷன் பங்கில் தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? டெண்டரை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் பணம் பெற்று, அதை நிறைவேற்ற முடியாமற்போன உறுப்பினர், போலீஸ் ஸ்டேஷனில் போய் என்ன என்று புகார் எழுதிக்கொடுப்பார்? ஒரு முறை கை நீட்டியவர், தனக்கு ஆபத்து வரும் வேளையில் சட்டத்தைக் கூப்பிடும் பாத்தியதையையும் அதோடு விற்றுவிடுகிறார்.

இவையெல்லாம் பணத்தின் பொருட்டு வரும் அபாயங்கள். பணமே சம்பந்தப்படாமல், அந்த நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்ததே குற்றம் என்று கருதி உயிரை எடுத்த கொடுமையும் இதே ஜில்லாவில், லீலாவதி இறந்த பத்தாவது வாரத்திலேயே நடந்தது. மேலூர்ப் பக்கத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-ல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டபோது, முதலில் மனுப் போட்டவர்கள் பயமுறுத்தலுக்கு அஞ்சி வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மறுபடி நடந்த வாக்குப்பதிவும் கலவரத்தால் குலைந்தது. கடைசியில் போலீஸ் பந்தோபஸ்தோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் தேதி, மதுரைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிய பஸ்ஸை வழியில் மறித்து, அவரையும், துணைத் தலைவர் மூக்கனையும், உடன் வந்த வேறு நால்வரையும் கொன்றார்கள். சேலம் நீதிமன்றம் 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும், 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலோ, ஒதுக்கீட்டை ஒப்பாமல் பத்து வருஷம் தேர்தலையே நடக்கவொட்டாமல் செய்தார்கள்; 2006-ல்தான் அது சாத்தியமாயிற்று.

கொலை மட்டுமே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பது பணத்துக்குக் காவலாக வைக்கப்பட்ட ஏற்பாடு. ஆனால் ஒதுக்கீட்டில் வந்த தலைவர்களை மண்டியிடச் செய்ய விரும்பிய பல ஊர்களில், துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாலே போதும், மோட்டார் பழுதாகிக் கிடக்கும், துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும், ஜனங்களின் கோபம் தலைவர்மேல் பாயும். ஒழுக்கத்துக்காகச் செய்த விதியே ஒடுக்கும் கருவியாகிவிடுகிறது. கடலூர் ஜில்லாவின் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலைவரான பெண்மணி, கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020-ல் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியினர் ஒருவரை உள்ளாட்சி உறுப்பினராகவோ தலைவராகவோ தம் கடமையைச் செய்ய விடாமல் தடுப்பதை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் செய்யப்பட்ட திருத்தம் தனிக் குற்றமாகவே விதித்திருக்கிறது. இந்தப் பிரிவைப் பதவியேற்கும் நாளில் ஒவ்வொரு தலைவருக்கும் வாசித்துக் காட்டினால், பல துணைத் தலைவர்களின் கையெழுத்து தானாக வந்து சேரும்.

இங்கிலாந்தில் 1995-ல் நோலன் பிரபுவின் கமிட்டி பொது வாழ்வில் இருப்பவர்களுக்கு ஏழு நெறிகளை வகுத்தது. அங்கே 2011-ஆம் ஆண்டின் சட்டப்படி, கவுன்சிலர்கள் தம் சொத்து, தொழில், ஒப்பந்தத் தொடர்பு முதலியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும். தக்க காரணமின்றி எழுதாமல் விடுவது குற்றம். அதே சட்டத்தில், ஒரு விவரத்தை வெளியிட்டால் உறுப்பினருக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ தாக்குதலோ மிரட்டலோ நேரக்கூடும் என்றால், அந்த விவரத்தைப் பொதுஜனப் பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டு விலாசத்தை மறைக்கும் பொருட்டு அது உபயோகமாகிறது. நாம் அதை அப்படியே நகல் செய்ய முடியாது. திருமங்கலத்தில் கவுன்சிலர் வீட்டு விலாசத்தை மறைத்து வைப்பது என்றால் ஆட்டோக்காரர்களே சிரிப்பார்கள். நம்முடைய பிரதிநிதிக்கு மறைந்திருக்க இடமில்லை. மறைக்க முடியாத ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால், அவர் செய்யும் காரியம் அவருடைய தனிக்காரியமாகத் தோன்றாதபடி செய்யவேண்டும்.

அதற்கான வழிகள் ஆடம்பரமற்றவை. ஆக்கிரமிப்பையோ திருட்டுக் குழாய் இணைப்பையோ ஓர் உறுப்பினர் தனியே போய்ப் பார்த்துச் சத்தம் போடுவதைக் காட்டிலும், மனுவாக எழுதி, பொருள் நிரலில் சேர்த்து, மன்றத்தின் தீர்மானமாக்கி, ஆணையாளரின் ஆட்கள் போய் அளப்பது அவருக்கும் நல்லது, காரியத்துக்கும் நல்லது. தமக்கோ உறவினருக்கோ ஆதாயமுள்ள பொருள் வந்தால் எழுந்து சொல்லிவிட்டு வெளியே போவதும், ஒப்பாத தீர்மானத்தில் தம் மறுப்பைப் புத்தகத்தில் பதியச் செய்வதும் கண்ணியமான காரியங்கள் மட்டுமல்ல. பின்னாளில் அந்தப் பக்கம்தான் அவருக்குச் சாட்சி. முதல் மிரட்டலையே, 'நம்ம ஊர்க்காரன்தானே' என்று விட்டுவிடாமல் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, சி.எஸ்.ஆர். என்னும் புகார்ப் பதிவு ரசீது வாங்கி, கலெக்டருக்கு நகல் அனுப்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாயினும், மிரட்டப்பட்டவருக்காக ஒரே குரலில் தீர்மானம் போடவேண்டும். இந்தக் கடைசி வழிதான் கடினம், செலவில்லாததும் அதுதான்.

திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் 2019 டிசம்பர்த் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போயிற்று. 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றத்துக்கும் ஆயுள் ஐந்து வருஷமே. அடுத்து வருகிறவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் அன்றைக்கு, சால்வைகளும் மாலைகளும் ஒரு பக்கம் இருக்கட்டும், மேஜைமேல் ஒரு பதிவேட்டை விரித்துவைத்து, தம்முடையதும் தம் குடும்பத்தாருடையதுமான கான்ட்ராக்டு, குத்தகை, கட்டடம், கடன் அனைத்தையும் அவர்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேட்டை நகராட்சி அலுவலகத்தில் எந்தப் பிரஜையும் கேட்டுப் பார்க்கும்படி வைக்கவேண்டும். முதல் கூட்டத்தின் முதல் தீர்மானமாகவே இதைக் கொண்டுவருவதற்குச் சென்னையிலிருந்து உத்தரவு வரவேண்டும் என்பதில்லை. ஓர் உறுப்பினர் முன்மொழிய, மற்றோர் உறுப்பினர் வழிமொழிந்தால் போதும்.