நெய்யாற்றின்கரையை அளந்தவர்கள்

பாறசாலையையும் களியக்காவிளையையும் இன்று பிரித்து நிற்கும் மாநில எல்லை, 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றதால் ஏற்பட்டது. இவ்விரண்டும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அங்கங்களாயிருந்த காலத்தில், ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியிலே, 1816 முதல் 1820 வரை அந்நாட்டின் மலையையும் ஆற்றையும் ஏலா என்னும் வயல்வெளியையும் சாஸ்திரீய முறையில் அளந்து படமாக்கியவர்கள், சென்னை ராணுவத்தைச் சேர்ந்த வார்டு, கானர் என்னும் இரு லெப்டினன்டுகள்.

ஒரு நாட்டை முழுவதும் சங்கிலி பிடித்து அளக்க இயலாது, அளக்க வேண்டியதுமில்லை. சமதரையில் ஒரே ஒரு நேர்கோட்டை மிகுந்த ஜாக்கிரதையுடன் அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் கோணங்களைத் தியோடலைட் கருவியால் கண்டுவிட்டால், அம்முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களின் நீளமும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி தொடங்கிய பெரும் நில அளவைப் பணியின் ரகசியமும் இதுவே.

முக்கோணத்தின் உட்புறத்தை நிரப்புவது பலகை அளவை. முக்காலியின்மேல் மட்டம் பார்த்து நிறுத்திய பலகையில் காகிதத்தைப் பரப்பி, தாம் நிற்கும் இடத்தை ஊசியால் குறித்து, பார்வைச்சட்டத்தை அவ்வூசியோடு சேர்த்து, தனித்து நிற்கும் ஒரு பனையை நோக்கிக் கோடு இழுப்பார்கள். வேறோரிடத்திலிருந்து அதே பனையை நோக்கி இழுத்த கோடு முந்தியதை எங்கே வெட்டுகிறதோ, அதுவே படத்தில் அப்பனையின் ஸ்தானம்.

சொல்வதற்கு இது எளிது. ஆனால் தென்னையும் பலாவும் அடர்ந்து, வீட்டுக்கு வீடு வேலியடைத்த விளைகளாயும், இரு புறமும் செம்மண் திட்டை உயர்ந்த இடவழிகளாயும் கிடக்கும் இத்தென்கோடியில், பத்தடிக்கு அப்பால் பார்வை செல்வதே அரிது என்பதை இவ்வூர்களில் நடந்தவர் அறிவர். கிழக்கே மலைத்தொடரில் மழைமேகம் விலகும் நாட்களை எதிர்பார்த்தே வேலை நடந்திருக்க வேண்டும்.

படத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நிலத்தின் தன்மை, பயிர், பாசனம், பாதைகள், ஜனங்களின் ஜாதியாசாரங்கள் ஆகியவற்றையும் விரிவான குறிப்பாக எழுதி வைத்தார்கள். என் மதிப்பில் படத்தினும் அக்குறிப்பே பெரிய செல்வம், எனினும் அந்நிய அதிகாரியின் கண்கொண்டு எழுதப்பட்டது என்பதை நினைவிற்கொண்டே அதனைப் படித்தல் வேண்டும்.

எல்லையின் இருபுறத்துப் பள்ளி நூலகங்களிலும் இப்படமும் குறிப்பும் இடம்பெற வேண்டும். தம் ஊரின் பழைய நிலையை மாணவர் கற்பதற்கு இதனினும் நல்ல சாதனம் இல்லை.