ஒரு படத்தின் பின்னே ஓர் உழைப்பு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைக் கூறும் அவற்றில் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் அமரத் தகுதியற்றவர் யார் யார் என்றும் பட்டியலிடுகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் அப்பட்டியலில் இருக்கிறான். அதனை எழுதியவர், காடாடிப் போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன் எனத் தம் பெயரையும் முடிவில் பொறித்துச் சென்றுள்ளார். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் அப்பெயர் அழியவில்லை.

இன்று அதே கல்வெட்டை ஒருவர் படமெடுத்து இணையத்தில் வெளியிடுகிறார் என்று கொள்வோம். எழுத்துகள் தெளிவாகத் தெரிய ஒளி பக்கவாட்டில் விழவேண்டும். அதற்கெனக் காத்திருந்து, விலையுயர்ந்த கேமராவால் எடுத்த படம் அது. மறுநாளே அதன் ஓரத்திலிருந்த பெயர் வெட்டப்பட்டு, வேறொருவரின் பக்கத்திலோ விளம்பரத்திலோ அப்படம் தோன்றக்கூடும். கல்வெட்டு எல்லோருக்கும் பொது. அதைக் காண்பதும் படமெடுப்பதும் யாவர்க்கும் இயலும். ஆனால் ஒருவர் எடுத்த படம் அவருடைய உழைப்பு. இந்த வேறுபாட்டைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியுள்ளன. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டை நிலநடுக்கம் உலுக்கியபோது, டேனியல் மொரேல் என்னும் புகைப்படக் கலைஞர் தாம் எடுத்த படங்களை அன்று ட்விட்டர் எனப்பட்ட தளத்தின் வாயிலாக வெளியிட்டார். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனமும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அவரது அனுமதியின்றி அவற்றை உலகெங்கும் அனுப்பின. வழக்குத் தொடுத்த மொரேலுக்கு, 2013 நவம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தின் ஜூரிகள் 12 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு அளிக்கத் தீர்ப்புக் கூறினர்.

“எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகராய் விளங்கிய குர்துபா, அதாவது இன்றைய கோர்டோபா நகரின் படம் ஒன்று இதற்கு விடை தருகிறது. டிர்க் ரென்கோஃப் என்பவர் எடுத்து, ஒரு பயணத் தளத்திற்கு மட்டும் பயன்படுத்த அனுமதித்த படம் அது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி அதனைப் பதிவிறக்கித் தம் பாடக் கட்டுரையில் சேர்த்தார். எடுத்த தளத்தின் பெயரையும் குறிப்பிட்டார். பள்ளி அக்கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படைத்தவரின் அனுமதியின்றி மீண்டும் இணையத்தில் ஏற்றுதல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 7 அன்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. படமெடுத்தவரையே அது படைப்பாளராகக் கொள்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், படைப்பாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் படங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. அறிந்தே மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். சொந்த ஆய்வு, திறனாய்வு போன்ற நியாயமான பயன்பாடுகளுக்குச் சட்டம் இடமளிக்கிறது.

நம் இல்லங்களைத் தொடும் ஒரு விதியும் இதில் உண்டு. நாம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிக்காஹ் படங்களுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நாமே. நம் வீட்டுப் பெண்களின் படங்களை ஸ்டுடியோ விளம்பரத்திற்குப் பயன்படுத்தவோ இணையத்தில் ஏற்றவோ நம் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துப் பார்ப்பது நன்று.

மார்க்க அறிஞர்களும் இது குறித்துத் தெளிவுபடுத்தியுள்ளனர். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை என்றும், அவற்றில் அத்துமீறல் கூடாது என்றும் தீர்மானித்தது. ஒரு செய்தி யார் வாயிலாக வந்தது என்பதைப் பெயர் பெயராகச் சொல்லிக் காத்த ஹதீஸ் கலையின் வாரிசுகளுக்கு, ஒருவரின் உழைப்பிலிருந்து அவர் பெயரை அழிப்பது எவ்வளவு பெரும் தவறு என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஆகவே மதரஸா ஆண்டு மலருக்கோ, ஜமாஅத் அறிவிப்புக்கோ, வியாபார விளம்பரத்திற்கோ படம் தேவைப்பட்டால் எடுத்தவரிடம் கேட்போம், கூலி கேட்டால் கொடுப்போம், பெயரை அச்சிடுவோம். படமெடுக்கும் நம் பிள்ளைகள் மூலக் கோப்பை அழிக்காமல் பத்திரப்படுத்தட்டும். உரிமைக்கு அதுவே முதற்சான்று. விரல் தொட்டால் கைக்கு வந்துவிடுகிறது என்பதனால் ஒரு பொருள் நமக்கு ஹலாலாகிவிடாது என்பதை நம் குழந்தைகளுக்கு இப்போதே சொல்லிவைப்போம்.