ஆர்மீனியா: அரசு போனாலும் ஏடு போகாத நாடு

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையில், இரண்டையும் தொடாமல் மலைகளுக்குள் ஒடுங்கியிருக்கிறது ஆர்மீனியா. பரப்பளவு 30,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். மேற்கே துருக்கியுடனும் கிழக்கே அசர்பைஜானுடனும் உள்ள எல்லைகள் 1990-களின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டன. அதனால் தரைவழியாக வருவோர் வடக்கே ஜார்ஜியாவையோ தெற்கே ஈரானையோ நம்பியே வருகிறார்கள்.

தலைநகர் யெரெவானின் வயதைச் சொல்ல ஒரு கல்வெட்டே இருக்கிறது. உராட்டு அரசன் முதலாம் அர்கிஷ்டி கி.மு. 782-இல் எரெபூனி என்ற கோட்டையைக் கட்டி, அதை ஆப்பெழுத்தில் பொறித்து வைத்தான். இன்றைய நகரம் அவ்வளவு பழையதாகத் தெரியாது. 1920-களில் கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் தமன்யான் வகுத்த திட்டப்படி எழுந்தது அது. சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் இளஞ்சிவப்பு எரிமலைக் கல்லிலேயே கட்டடங்கள் எழும்பியதால், மாலை வெயிலில் தெருக்கள் சிவந்து தெரியும்.

ரோமுக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் அகப்பட்ட நாடு இது. மரபுவழிக் கணக்கின்படி கி.பி. 301-இல் மன்னர் திர்தாத் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றார். உலகில் அப்படிச் செய்த முதல் நாடு ஆர்மீனியா என்பார்கள். 387-இல் இரு பேரரசுகளும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. மிச்சமிருந்த அரசும் 428-இல் முடிந்தது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பு, 405-இல், மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி 36 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கை உருவாக்கியிருந்தார். விவிலியம் விரைவிலேயே தாய்மொழிக்கு வந்தது. இடையில் ஆனியைத் தலைநகராகக் கொண்ட அரசும், மத்தியதரைக் கடலோரச் சிலிசியா அரசும் எழுந்து மறைந்தன. 1375-க்குப் பின் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் தனி நாடே இல்லை. மொழியும் திருச்சபையுமே அந்த இடத்தை நிரப்பின.

ஆகவே யெரெவானில் முதலில் பார்க்க வேண்டியது மாத்தெனதரான் சுவடி நூலகம்தான். அங்குள்ள ஆயிரக்கணக்கான கையெழுத்து ஏடுகளில் ஒன்று, முஷ் ஊர் மடத்துக்குரிய பிரசங்கத் தொகுப்பு. 1200-களின் தொடக்கத்தில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 28 கிலோ. 1915-இல் உஸ்மானியப் பேரரசில் ஆர்மீனியர் மீதான இனப்படுகொலை நடந்தபோது, பாழடைந்த மடத்தில் இரண்டு பெண்கள் இதைக் கண்டெடுத்தார்கள். ஒருவரால் சுமக்க முடியாததால் நூலை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி எச்மியாட்சின் பேராலயத்தை அடைந்தது. எர்ஸுரும் அருகே புதைக்கப்பட்ட மறு பாதியும் பின்னர் வந்து சேர்ந்தது. இதனருகிலேயே 19 கிராம் எடையுள்ள கையடக்க நாட்காட்டி ஒன்றும் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் படுகொலையில் இறந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்பது பல வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இனப்படுகொலை என்ற பெயரைத் துருக்கி அரசு ஏற்பதில்லை. சித்செர்னகாபெர்த் குன்றின் நினைவுச் சின்னத்துக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 24 அன்று மக்கள் மலர் ஏந்திச் செல்கிறார்கள். 1918-இல் பிறந்த குடியரசு இரண்டே ஆண்டுகளில் சோவியத் வசமானது. 1991-இல் மீண்டும் விடுதலை.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1600-களின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா நகர ஆர்மீனியரைக் கிளப்பி இஸ்ஃபஹானில் குடியேற்றினார். அங்கிருந்து பட்டும் மணிக்கற்களும் விற்கக் கிளம்பிய வணிகர்கள் மதராஸ் வரை வந்தார்கள். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் முதல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1772-இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் பாரிமுனை அருகே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தாரார்’ 1794-இல் அச்சானது மதராஸில்தான். நடத்தியவர் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோன்யான். தாயகத்தில் அரசு இல்லாத காலத்தில், வருங்கால ஆர்மீனியாவுக்கான அரசியலமைப்பு வரைவைக்கூட மதராஸ் வணிகர் ஷாமிர் ஷாமிர்யான் குடும்பத்தார் இங்கேயே அச்சிட்டார்கள்.

ஊர்ப்புறத்தில் பார்க்க வேண்டியது லவாஷ் சுடுவது. தரையில் பதித்த ‘தொனிர்’ என்ற மண் அடுப்பைச் சுற்றிப் பெண்கள் அமர்வார்கள். ஒருவர் மாவை மெல்லியதாகத் தேய்க்க, மற்றொருவர் வைக்கோல் திணித்த திண்டின் மேல் விரித்து அடுப்பின் உட்சுவரில் ஓங்கி அறைவார். ஒரு நிமிடத்துக்குள் கொப்புளம் எழ வெந்துவிடும். கொக்கியால் இழுத்து எடுப்பார்கள். காயவைத்து அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாது. வேண்டும்போது நீர் தெளித்தால் இளகிவிடும். யுனெஸ்கோ 2014-இல் இதைப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது.

கார்னி கோயிலையும் பாறையைக் குடைந்த கெகார்த் மடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நொராதுஸ் இடுகாட்டில் நூற்றுக்கணக்கான ‘கச்கார்’ சிலுவைக் கற்கள் நிற்கின்றன. கோர் விராப் மடத்திலிருந்து 5,137 மீட்டர் உயரமுள்ள அராரத் மலை கண்ணெதிரே தெரியும். நாட்டின் அரசு இலச்சினையிலேயே இடம்பெற்ற அம்மலை இருப்பது துருக்கியில். தெற்கே தாதேவ் மடத்துக்கு 5.7 கிலோமீட்டர் நீளக் கம்பிவடப் பாதை 2010 முதல் ஓடுகிறது. மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை; குளிர்காலத்தில் மலைச்சாலைகளைப் பனி மூடிவிடுவதுண்டு.